பழைய தொட்டி மண்ணில் பெரணி வைக்கலாமா? அப்படியே, பாதிக்குப் பாதி, முழுக்கப் புதிது: எது எந்தச் செடிக்கு

பாஸ்டன் ஃபெர்ன் என்ற பெரணி ஒரே தொட்டியில் இரண்டு வருடம் இருந்தால் வேர் தொட்டியை நிறைத்துவிடும். அதைப் பெயர்த்து வேறு தொட்டிக்கு மாற்றும்போது கையில் கொஞ்சம் பழைய மண் மிஞ்சும். வேறு ஏதாவது செடி பட்டுப்போய்த் தொட்டி காலியானாலும் அப்படித்தான். எட்டு அங்குலத் தொட்டி ஒன்றில் ஏறக்குறைய 4 லிட்டர் மண் இருக்கும். பத்துத் தொட்டி வைத்திருப்பவருக்கு அது 40 லிட்டர். கொட்டவும் மனம் வராது, வைத்துக்கொள்ளவும் இடம் இருக்காது.

“பழைய மண்ணில் சத்து போயிருக்கும், கொஞ்சம் மண்புழு உரம் கலந்தால் போதும்” என்பதுதான் வழக்கமாகக் கிடைக்கும் ஆலோசனை. கத்தரிக்கும் செம்பருத்திக்கும் இது பெரும்பாலும் பொருந்தும். பெரணிக்குப் பொருந்தாது. பெரணி அதிகம் உரம் கேட்கும் செடியே இல்லை. போன சத்தை ஒரு கரண்டி உரத்தில் திருப்பிக் கொடுத்துவிடலாம். போன காற்றை அப்படிக் கொடுக்க முடியாது. சேர்ந்துவிட்ட உப்போ, உரம் போடப் போட இன்னும் ஏறும். ஆகவே பழைய மண்ணைப் பெரணிக்குத் தரலாமா என்ற முடிவைக் காற்றையும் உப்பையும் பார்த்து எடுக்க வேண்டும்.

மண் பழசாகும்போது உள்ளே நடப்பது

வீட்டுத் தொட்டிகளில் இருப்பது பெரும்பாலும் கோகோ பீட் (தென்னை நார்த்தூள்), செம்மண், மட்கிய எரு கலந்த கலவை. கோகோ பீட்டின் நார்த் துணுக்குகள் ஈரத்திலும் வெயிலிலும் மெல்ல நொறுங்கித் தூளாகின்றன. எரு மட்கிக் கரைந்துபோகிறது. ஒவ்வொரு முறை தண்ணீர் ஊற்றும்போதும் செம்மண்ணின் களித்துகள் கீழே இறங்கி இடைவெளிகளை அடைக்கிறது. தொட்டியில் மண் இரண்டு விரல் இறங்கியிருந்தால், இறங்கிய அளவு பெரும்பாலும் முன்பு காற்று இருந்த இடம்தான்.

பெரணியின் வேர்கள் முடி போல மெல்லியவை, மேலாகவே பரவுபவை. அவற்றுக்கு எப்போதும் ஈரம் வேண்டும். மற்ற செடிகளுக்கு மண் இறுகிப்போனால் தண்ணீர் விடுவதைக் குறைத்துச் சமாளிக்கலாம். காயும் நேரத்தில் காற்று உள்ளே போய்விடும். பெரணிக்கு அந்த வழி கிடையாது. காயவிட்டால் இலை கருகும், ஈரமாகவே வைத்தால் வேர் மூச்சு முட்டி அழுகும். ஈரமாக இருக்கும்போதே காற்றும் இருக்கிற மண்தான் அதற்கு வேண்டும்.

அடுத்தது உப்பு. போர் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் தண்ணீர் இலை வழியாகவும் மண்ணின் மேற்பரப்பு வழியாகவும் ஆவியாகிவிடும், உப்பு மண்ணிலேயே தங்கிவிடும். மண் தொட்டியின் வெளிப்புறம் பூக்கும் வெள்ளைப் படிவம் அதன் அடையாளம். சிறுவாணித் தண்ணீர் வரும் கோவை வீட்டில் இரண்டு வருடம் இருந்த மண்ணும், சென்னையில் கடினமான போர் தண்ணீர் குடித்த மண்ணும் பார்க்க ஒன்றுபோல இருக்கலாம். பெரணிக்கு அவை வேறு வேறு மண்.

இரண்டு சோதனைகள்

காற்றுக்கான சோதனைக்கு ஒரு பிளாஸ்டிக் பெயிண்ட் டப்பா போதும். அதில் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, நிற்கும் உயரத்தில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீரைக் கொட்டிவிட்டு அடியில் நான்கைந்து ஓட்டைகள் போட்டு டேப்பால் மூடுங்கள். லேசான ஈரத்தில் இருக்கும் மண்ணைக் கோடு வரை நிரப்பி, டப்பாவை இரண்டு முறை தரையில் தட்டுங்கள். ஓரமாக மெதுவாகத் தண்ணீர் ஊற்றி, மேற்பரப்பில் பளபளப்பு தெரிந்ததும் நிறுத்துங்கள். அரை மணி கழித்துத் தண்ணீர் உள்வாங்கியிருந்தால் மீண்டும் நிரப்புங்கள். பிறகு ஒரு கிண்ணத்தின் மேல் பிடித்து டேப்பை எடுத்து, பத்து நிமிடம் வடியும் தண்ணீரை அளந்து பாருங்கள். வடிந்த தண்ணீர் இருந்த இடத்தில்தான் இனி காற்று இருக்கும். 150 முதல் 200 மில்லி வடிந்தால் பெரணிக்கு நல்ல மண். 100க்கும் 150க்கும் இடையில் என்றால் கலவையால் சரிசெய்யலாம். 100க்குக் கீழே என்றால் அந்த மண்ணின் அமைப்பு முடிந்துவிட்டது.

உப்புக்கு, தண்ணீரில் கரைந்த உப்பைப் பிபிஎம் கணக்கில் காட்டும் டிடிஎஸ் மீட்டரே போதும். ஒரு டம்ளர் மண், இரண்டு டம்ளர் ஆர்ஓ தண்ணீர். கலக்கி அரை மணி வைத்துத் துணியில் வடிகட்டி அளக்க வேண்டும். ஊற்றிய தண்ணீரின் எண்ணைக் கழித்த பிறகு 375க்குள் இருந்தால் உப்புக்கு அஞ்சும் செடிகளுக்கும் அந்த மண் சரிப்படும். 600 வரை வந்தால் அலசினால் போதும். 600க்கும் 900க்கும் இடையில் என்றால், அலசிய பிறகு மறுபடி அளந்து, குறைந்திருந்தால் மட்டும் பாஸ்டனுக்குத் தரலாம். 900ஐத் தாண்டிய மண்ணைப் பெரணிக்கு மீட்கச் செலவாகும் தண்ணீரும் நேரமும் வீண்.

இந்தச் சோதனையைப் புதிதாக வாங்கும் கோகோ பீட் கட்டிக்கும் செய்யுங்கள். கழுவாத தென்னை நார்த்தூளில் இயல்பாகவே சோடியமும் பொட்டாசியமும் குளோரைடும் இருக்கும். மலிவான கட்டி சில நேரம் வீட்டுப் பழைய மண்ணைவிட உப்பாக வரும். நல்ல தண்ணீரில் இரண்டு வருடம் அலசப்பட்ட பழைய கலவை, கழுவாத புதிய கோகோ பீட்டைவிடப் பெரணிக்கு நல்லது. புதியது என்பதாலேயே ஒரு மண் சுத்தமாகிவிடாது.

அதில் முன்பு இருந்தது எது

சோதனையில் தேறினாலும் மண்ணின் வரலாற்றைக் கேட்க வேண்டும். தக்காளி, மிளகாய், கத்தரி வளர்ந்த மண்ணில் வாடல் நோய்ப் பூஞ்சையும் வேர்முடிச்சு நூற்புழுவும் இருக்க வாய்ப்பு அதிகம், உரமும் தாராளமாகப் போட்டிருப்போம். வேர் அழுகி இறந்த செடியின் மண்ணைப் பதப்படுத்தாமல் தொடவே கூடாது. பழைய வேரில் பஞ்சு போல வெள்ளையாக ஒட்டியிருந்தால் அது வேர் மாவுப்பூச்சி. முத்துப் போன்ற வெண்மணிகள் கொத்தாகக் கிடந்தால் நத்தை முட்டையாக இருக்கலாம். மெதுவாகக் கரையும் உரக் குருணையும் ஏறக்குறைய இந்த அளவுதான், அதனால் நசுக்கிப் பாருங்கள். நத்தையும் ஓடில்லா நத்தையும் பெரணியின் சுருள் தளிரைத்தான் முதலில் தின்னும்.

பறவைக்கூடு பெரணியின் இலையில் நரம்புகளுக்கு இடையே பட்டை பட்டையாகப் பழுப்பும் கறுப்பும் தோன்றியிருந்தால் இலை நூற்புழுவைச் சந்தேகிக்க வேண்டும். அந்தச் செடியின் மண்ணும் உதிர்ந்த இலையும் வேறு எந்தப் பெரணிக்கும் போகக் கூடாது.

இவ்வளவு எச்சரிக்கை ஏன் என்றால், பெரணிக்கு வைத்தியம் செய்வது கடினம். பல பெரணிகளின் இலை மெல்லியது. வேப்பெண்ணெயோ சோப்புக் கரைசலோ கொஞ்சம் கூடினாலும் கருகிவிடும். ஈர மண்ணில் பெருகும் சின்னக் கறுப்பு ஈக்களுக்கு மற்ற செடிகளில் மேல்மண்ணைக் காயவிடுவதே முதல் மருந்து. அதைப் பெரணியில் செய்தால் ஈக்கு முன் செடி போய்விடும். பூச்சியை மண்ணிலேயே நிறுத்துவதுதான் இங்கே சுலபம். அந்த ஈயின் புழு இருக்கிறதா என்று அறிய உருளைக்கிழங்கு வில்லை ஒன்றை மண்ணின் மேல் இரண்டு மூன்று நாள் வைத்துத் தூக்கிப் பாருங்கள். இருந்தால், கறுப்புத் தலையுடன் கண்ணாடி போன்ற சிறு புழுக்கள் அடியில் கூடியிருக்கும்.

வழி ஒன்று: அப்படியே பயன்படுத்துவது

செலவில்லை, நேரமும் ஆகாது. ஆனால் இது சரிப்படுவது மூன்று நிபந்தனைகளும் கூடிவரும்போது மட்டும்தான். மண் ஒரு வருடத்துக்கும் குறைவானது, முன்பு இருந்த செடி நோயில்லாமல் வேறு காரணத்தால் வெளியேறியது, இரண்டு சோதனையிலும் மண் தேறியது. அப்போதும் பாஸ்டன், மீன்முள் பெரணி போன்ற நெஃப்ரோலெபிஸ் வகைகளுக்கு மட்டும் கொடுங்கள். இவை பொறுத்துக்கொள்ளும் செடிகள். ஓடுதண்டு விட்டுத் தாமே பரவிக்கொள்ளும்.

இந்த வழியில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. மண் இறுகியிருக்கிறது என்று தெரிந்து, வடிகாலுக்காகத் தொட்டியின் அடியில் இரண்டு அங்குலம் செங்கல் ஜல்லி போடுகிறார்கள். நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய ஜல்லிக்குத் தண்ணீர் எளிதில் இறங்காது. மண்ணின் அடிப்பகுதி முழுதாக நனைந்த பிறகே சொட்டும். அதாவது தொட்டியின் அடியில் தேங்கியிருக்கும் ஈரத்தை ஜல்லி இரண்டு அங்குலம் மேலே, வேருக்கு அருகில் கொண்டுவந்து வைக்கிறது. ஓட்டையை மறைக்க ஓர் ஓட்டுச் சில்லு போதும். அந்த ஜல்லியைப் பொடித்து மண்ணோடு கலந்தால் பயன் உண்டு.

வழி இரண்டு: பதப்படுத்திப் பாதிக்குப் பாதி கலப்பது

பாஸ்டன் வகை வைத்திருக்கும் பெரும்பாலான வீடுகளுக்கு இதுதான் சரியான வழி. உழைப்பு கேட்கும், அவசரத்துக்கு ஆகாது. வரிசை முக்கியம்: சலிப்பது, அலசுவது, சூடாக்குவது, கலப்பது.

அரை அங்குலக் கண்ணுள்ள சல்லடையில் முதலில் சலித்து வேர், குச்சி, ஓடுதண்டுத் துண்டுகளை எடுங்கள். மீன்முள் பெரணி இருந்த மண் என்றால் கோலி போன்ற சிறு கிழங்குகளும் இருக்கும். விட்டால் அவையே முளைத்துப் புதுச் செடியோடு போட்டி போடும். அடுத்து கொசுவலையில் ஒரு முறை சலித்து, கீழே விழும் மாவு போன்ற தூளை ஒதுக்குங்கள். காற்றை அடைப்பது அந்தத் தூள்தான். பலரும் இந்த இரண்டாவது சலிப்பை விட்டுவிடுகிறார்கள், பிறகு பெர்லைட் (சூட்டில் பொரித்த இலேசான வெள்ளைக் கல் துணுக்கு) எவ்வளவு போட்டாலும் மண் இறுகுகிறது. இதற்கு மண் காய்ந்திருக்க வேண்டும்.

அலசுவதற்கு ஓட்டை போட்ட வாளியில் மண்ணை நிரப்பி, மண்ணின் அளவுக்குச் சமமான தண்ணீரை மூன்று முறை, அரை மணி இடைவெளி விட்டு ஊற்றுங்கள். மழைத் தண்ணீர் மிக நல்லது. ஏசி வடிநீரும் உப்பில்லாதது. ஆர்ஓ இயந்திரம் வெளியேற்றும் கழிவுநீரை இங்கே கொண்டுவராதீர்கள், வடிகட்டியில் தங்கிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. டிடிஎஸ் 1000 காட்டும் போர் தண்ணீரால் அலசினால் மண்ணில் தங்கும் நீரின் உப்பு அந்த எண்ணுக்குக் கீழே எப்படி இறங்கும்?

சூடாக்குவது மூன்றாவது. ஈர மண்ணைக் கண்ணாடி போன்ற வெள்ளைப் பாலிதீன் பைகளில் நான்கு முதல் ஆறு அங்குலக் கனத்துக்குப் பரப்பி, வாயைக் கட்டி, மொட்டை மாடித் தளத்தில் வெயிலில் வையுங்கள். கறுப்புப் பை கூடாது. கறுப்பு பிளாஸ்டிக் தானே சூடாகும், ஒளியை உள்ளே விடாது. நிலத்தைப் பாலிதீனால் மூடி வெயிலில் நோய்க்கிருமிகளை அழிக்கும் முறையை 1976இல் இஸ்ரேலின் யாக்கோவ் காட்டானும் உடன் பணியாற்றியவர்களும் ஆய்வாக வெளியிட்டார்கள். அதன் வீட்டு வடிவம்தான் இந்தப் பை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பரிந்துரைப்படி, பையின் நடுவில் 70 டிகிரி செல்சியஸ் அரை மணி நேரம் அல்லது 60 டிகிரி ஒரு மணி நேரம் நின்றால் போதும். வெப்பமானி இல்லாவிட்டால் சித்திரை, வைகாசி வெயிலில் நான்கு முதல் ஆறு வாரம் வைத்து, வாரம் ஒருமுறை பையைப் புரட்டுங்கள். ஈரம் இல்லாத மண்ணில் சூடு உள்ளே பரவாது, உறங்கும் பூஞ்சையும் விழிக்காது. அலசிய பிறகு சூடாக்கச் சொல்வது இதனால்தான்.

வெயில் இல்லாத மாதங்களில் ஆவியில் வேகவைக்கலாம். சமையலுக்கு இனி எடுக்காத ஒரு பழைய இட்லிப் பானையில், துணிப்பையில் மண்ணை மூன்று அங்குலத்துக்கு மிகாமல் பரப்பி, நடுவில் 82 டிகிரி வந்த பிறகு 30 நிமிடம். அதைத் தாண்டிக் கொதிக்க விடாதீர்கள், குக்கரில் வைக்கவே வேண்டாம். மிகையாகச் சூடான மண்ணில் அம்மோனியாவும் மாங்கனீசும் வேரைச் சுடும் அளவுக்கு வெளிப்படும். மண்புழு உரத்தையும் எருவையும் சூடாக்கிய பின்பே சேர்க்க வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம்.

சூடான மண் ஆறியதும் கிட்டத்தட்ட வெற்றிடம். அதில் முதலில் வந்து குடியேறும் உயிர் எதுவோ அது பெருகும். எனவே ஒரு லிட்டர் மண்புழு உரத்தில் 10 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூஞ்சைகளை அடக்கும் நன்மைப் பூஞ்சை) கலந்து, நனைத்து, நிழலில் ஒரு வாரம் வைத்துப் பிறகு மண்ணில் சேருங்கள். நூற்புழு பயம் இருந்தால் 10 லிட்டர் மண்ணுக்கு 50 கிராம் வேப்பம்புண்ணாக்கு. அது மட்கும்போது வேரைச் சுடும், ஆகவே கலந்து இரண்டு வாரம் ஈரமாகக் கிடந்த பிறகே செடி வைக்க வேண்டும்.

எட்டு அங்குலத் தொட்டி ஒன்றுக்கான கலவை: பழைய மண் 1.6 லிட்டர், கழுவிய கோகோ பீட் 1.2 லிட்டர், பெர்லைட் அல்லது உமிக்கரி 0.8 லிட்டர், மண்புழு உரம் 0.4 லிட்டர். “பாதிக்குப் பாதி” என்று பெயர் இருந்தாலும் பழைய மண்ணின் பங்கு பாதிக்குச் சற்றுக் குறைவாகவே இருக்கட்டும். உமிக்கரி மலிவு, பெர்லைட்டைப் போல மேலே மிதந்தும் வராது. ஆனால் காரத்தன்மை உள்ளது. இரண்டு முறை தண்ணீரில் அலசிச் சாம்பல் போன பிறகு பயன்படுத்துங்கள். கலந்து முடித்ததும் காற்றுச் சோதனையை மறுபடி செய்யுங்கள். 150 மில்லி வடியாவிட்டால் பெர்லைட்டைக் கூட்டுங்கள், மண்ணைக் கூட்டாதீர்கள்.

வழி மூன்று: முழுக்கப் புதிது

ஒன்றிரண்டு தொட்டிதான் என்றால் யோசிக்கவே வேண்டாம். 650 கிராம் கோகோ பீட் கட்டி ஒன்று ஊறினால் எட்டு லிட்டர் அளவுக்கு வரும், இரண்டு எட்டு அங்குலத் தொட்டிக்குக் காணும். அதற்காக ஆறு வாரம் மண்ணை வெயிலில் புரட்டுவது உழைப்புக்கு ஏற்ற பலன் இல்லை. பத்துத் தொட்டிக்கு மேல் போனால்தான் பழைய மண்ணை மீட்பதில் உண்மையான மிச்சம் இருக்கிறது.

சில பெரணிகளுக்கு எண்ணிக்கையைப் பார்க்காமல் புதியதுதான் கொடுக்க வேண்டும். மெய்டன்ஹேர் என்று நர்சரிகளில் விற்கும் அடியாண்டம் அவற்றில் முதலாவது. பழைய கிணற்றுச் சுவர்களின் சுண்ணாம்புக் காரைப் பிளவில் தானாக முளைக்கிற செடி அது. ஆகவே மண் கொஞ்சம் காரமாக இருப்பதைத் தாங்கும். கிணற்றுச் சுவரில் ஈரம் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும், உப்பு தேங்காது, வேரைச் சுற்றிக் காற்று இருக்கும். பழைய மண் தருவது இதற்கு நேர்மாறான சூழல். கோகோ பீட் இரண்டு பங்கு, இலைமக்கு ஒரு பங்கு, பெர்லைட் ஒரு பங்கு, மண்புழு உரம் கால் பங்கு கொடுங்கள்.

பறவைக்கூடு பெரணி இயற்கையில் மரக்கிளையில் உட்கார்ந்து வளர்வது. தேங்காய் மட்டைத் துண்டு இரண்டு பங்கு, அடுப்புக்கரித் துண்டு ஒரு பங்கு, கோகோ பீட் ஒரு பங்கு, இலைமக்கு அரைப் பங்கு என்று பருமனான கலவை வேண்டும். மண் என்று சொல்லத்தக்க எதுவும், புதியதோ பழையதோ, அதற்கு ஆகாது. மான்கொம்புப் பெரணிக்குத் தொட்டியே தேவையில்லை. பலகையில் ஸ்பேக்னம் பாசி வைத்துக் கட்டுவதுதான் முறை. முயல்கால் பெரணியின் மயிர் அடர்ந்த தண்டு மேலேயே கிடக்க வேண்டும். எந்தக் கலவையிலும் அதைப் புதைத்தால் அழுகும்.

புதிய கலவைக்கும் ஒரு குறை உண்டு. புதிய கோகோ பீட் மட்கும்போது தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும், கால்சியமும் அதில் குறைவு. முதல் இரண்டு மாதத்தில் இளம் இலை வெளிறினால் பெரும்பாலும் இதுதான் காரணம். மட்கி முடிந்த பழைய மண் இந்த விஷயத்தில் நிதானமானது. பாதிக்குப் பாதி கலவை பாஸ்டனுக்கு முழுப் புதுக் கலவையைவிடச் சில நேரம் நன்றாக அமைவது இதனால்தான்.

காலமும் முதல் மாதமும்

சித்திரை, வைகாசியில் மண்ணை வெயிலில் பதப்படுத்துங்கள், ஆடியில் தொட்டி மாற்றுங்கள். கத்திரி வெயிலில் பெரணியைப் பெயர்த்தால் வேர் பிடிக்கும் முன் இலை காய்ந்துவிடும். செடி முன்பு எந்த ஆழத்தில் இருந்ததோ அதே ஆழத்தில் வையுங்கள். மண்ணைக் கையால் அழுத்தாமல் தொட்டியைத் தட்டி அமரவிடுங்கள். அழுத்தினால் அளந்து சேர்த்த காற்றை நாமே வெளியேற்றுகிறோம்.

முதல் ஆறு வாரம் உரம் வேண்டாம். அதன் பிறகு 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ளது) போன்ற நீரில் கரையும் உரத்தை ஒரு லிட்டருக்கு அரை கிராம், மூன்று வாரத்துக்கு ஒருமுறை. நரம்பு பச்சையாக நிற்க, புதிய இலை மட்டும் மஞ்சளாக வந்தால் கடினத் தண்ணீர் மண்ணைக் காரமாக்கிவிட்டது, இரும்புச் சத்து வேருக்குக் கிடைக்கவில்லை என்று பொருள். உரத்தைக் கூட்டுவதைவிட மழைத் தண்ணீருக்கு மாறுவதே அதற்கு வழி. பழைய இலையின் நுனி மட்டும் பழுப்பாகி ஓரமாக ஏறினால் தொட்டியின் அடியில் வடியும் தண்ணீரை டிடிஎஸ் மீட்டரில் பாருங்கள். ஊற்றியதைவிடப் பல மடங்கு காட்டினால் மண்ணில் உப்பு மிச்சம் இருக்கிறது. தொட்டியின் கொள்ளளவைப் போல் இருமடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி வடியவிடுங்கள்.

தேறாத மண்ணுக்கு

உப்பு மட்டும் ஏறி, நோய் எதுவும் இல்லாத மண்ணைத் தென்னை மரத்தடியில் பரப்பலாம். தென்னை உப்பைத் தாங்கும், குளோரைடு அதற்கு வேண்டிய சத்தும்கூட. காற்று போய் இறுகிய, ஆனால் உப்பில்லாத மண்ணை உரக்குழியில் காய்ந்த இலை ஒரு அடுக்கு, மண் ஒரு அடுக்கு என்று போட்டால் ஈரத்தையும் வாடையையும் பிடித்து வைக்கும். வேர் மாவுப்பூச்சியோ நூற்புழுவோ இருந்த மண்ணை உரக்குழிக்குக் கொண்டுபோகாதீர்கள். வெயில் பையில் நான்கு வாரம் வைத்த பிறகும் அதைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் கொட்டாமல், செடி வைக்காத இடத்தில் பள்ளம் நிரப்ப மட்டும் பயன்படுத்துங்கள். அந்த மண்ணைத் தொட்ட கரண்டியையும் தொட்டியையும் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காயவைத்த பிறகே அடுத்த செடிக்கு எடுங்கள்.